மகள் கொடுத்த பாட்டில்

பையை மடியில் வைத்துக்கொள்வதா, காலடியில் வைப்பதா என்பதுதான் இப்போதைக்கு என் பிரச்சினை. மடியில் வைத்தால் இறுக்கிப் பிடிக்கத் தோன்றுகிறது. இறுக்கிப் பிடித்தால் உள்ளே என்னவோ இருக்கிறது என்று இந்த ஹாலுக்கே சொன்ன மாதிரி. காலடியில் வைத்தால் போகிறவர் வருகிறவர் தட்டிவிடுவார்கள், மூடி கழன்றுகொண்டால் அவ்வளவுதான், என் மானம் இந்த வெள்ளைத் தரையில் மஞ்சளாக ஓடும். மடியிலேயே இருக்கட்டும். கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்குக் காத்திருக்கிற பொம்பளை மாதிரி ஒரு கையைச் சும்மா மேலே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் வரவில்லை. பையில் பாஸ்போர்ட் இருக்கிறது, நாலு போட்டோ இருக்கிறது, கண்ணாடிக் கூடு இருக்கிறது, என் பழைய கைக்குட்டையில் சுற்றி ஒரு பன்னீர் பாட்டில் இருக்கிறது. பன்னீர் பாட்டிலில் பன்னீர் இல்லை. என் மகள் பெனிட்டாவின் மூத்திரம் இருக்கிறது. எவ்வளவு நாசூக்காகச் சொல்லிப் பார்த்தாலும் அது அதுதான். யூரின் என்றால் கொஞ்சம் படித்த மாதிரி இருக்கும், சாம்பிள் என்றால் இன்னும் சுத்தமாகிவிடும், முப்பத்தொரு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரி லேபில் நான் அப்படித்தான் சொன்னேன். இன்றைக்கு அந்த வார்த்தைகள் எதுவும் ஒத்துழைக்க மாட்டேன் என்கின்றன. காலையில் லாட்ஜ் அறையில் அவள் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள், நான் கட்டிலில் உட்கார்ந்து டி.வி. சத்தத்தைக் கூட்டினேன். வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு, "மூடிய நல்லா முறுக்கிட்டேன்" என்றாள். நானும் அவள் முகத்தைப் பார்க்காமல் "சரி" என்றேன். பிறந்த நாளிலிருந்து அவள் துணியை அலசினவள் நான், எங்களுக்குள் என்ன கூச்சம் வேண்டிக் கிடக்கிறது. ஆனாலும் கூசியது. சின்ன வேதப்புத்தகம் ஒன்று எப்போதும் இந்தப் பையில்தான் கிடக்கும். அதை எடுத்து லாட்ஜ் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். இரண்டையும் ஒரே பையில் போட மனசு வரவில்லை.

பலகையில் பத்தொன்பது என்று எரிகிறது. என் டோக்கன் இருபத்தேழு. சென்னையில் வெளிநாட்டு விசாவுக்கென்று உடம்பைச் சோதிக்கிற கிளினிக் இது. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதே தவிர இங்கே நோயாளி ஒருத்தர் கிடையாது, எல்லாரும் நோய் இல்லை என்று எழுதி வாங்க வந்தவர்கள். அதனால்தான் இவ்வளவு அமைதி. எங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளிகள் என்ன சத்தம் போடுவார்கள், தன் வியாதியைப் பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்லி, அவர் வியாதியை வாங்கிக்கொண்டு, ஏதோ சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடுவார்கள். இங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஒவ்வொருத்தர் மடியிலும் ஒரு பை. யார் யார் பையில் என்னென்ன இருக்கிறதோ. சே, எல்லாரையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறேன். பெனிட்டா பக்கத்து நாற்காலியில் போனைத் தடவிக்கொண்டிருக்கிறாள், எதையும் படிக்கவில்லை, திரை மேலே போகிறது, கீழே வருகிறது. மெல்போர்னில் இருக்கிறவள். என்னை ஐந்து வருஷம் தன்னோடு வைத்துக்கொள்ள விசாவுக்கு எழுதிப்போட்டிருக்கிறாள், இந்தச் சோதனைக்கென்றே லீவு போட்டு வந்திருக்கிறாள். போன மாசம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீடியோவில் என்னை வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்பினாள். நான் பாளையங்கோட்டை வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். காசநோய் உண்டா, இல்லை. புற்றுநோய் உண்டா, இல்லை. மனநோய் உண்டா, அதற்கு இரண்டு பேரும் சிரித்தோம். அதற்கு அடுத்த கேள்வியில் சிரிப்பு நின்றது. சிறுநீரகக் கோளாறு உண்டா. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "உனக்கு உப்பு ஒண்ணு புள்ளி ஒம்பதுதானம்மா? அதெல்லாம் ஒரு கோளாறா? அறுபது தாண்டுனா எல்லாருக்கும் இருக்கத்தான செய்யும்" என்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும். ஆமாம் என்று போடு மக்களே என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "நீ என்ன நெனைக்க?" என் உடம்பில் இருக்கிற வியாதிக்கு அவளை முடிவெடுக்கச் சொன்னேன். அவள் இல்லை என்ற கட்டத்தில் தட்டினாள். தட்டினது அவள் விரல்தானே, என் விரல் இல்லையே என்று எனக்குள் ஒருத்தி உடனே சமாதானம் சொன்னாள். அந்த ஒருத்தியை எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியவே தெரியாது.

தெரியாது என்பதும் பொய்யோ. என்னை ஊரில் லேப் அம்மா என்பார்கள், நேர்மைக்காரி என்றும் சொல்வார்கள், அந்தப் பெயரை நான் காசு மாலை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். டாக்டர் சொந்தக்காரராக இருந்தாலும் இருக்கிறதைத்தான் எழுதுவேன். போலீஸ் வேலைக்கு, வாத்தியார் வேலைக்கு, டிரைவர் வேலைக்கு உடல் தகுதிக்கு வருகிறவர்கள் என்னிடம்தான் வருவார்கள். அந்த மாடசாமி இப்போது ஏன் வந்து நிற்கிறான். அரசாங்க பஸ் டிரைவர் வேலைக்கு வந்தவன், முப்பத்தெட்டு வயது, அதற்கு மேல் போனால் வயது வரம்பு தாண்டிவிடும். அவனுக்குச் சர்க்கரை உண்டு. தம்பியுடையதை ஒரு இருமல் மருந்து பாட்டிலில் பிடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருக்கிறான். தம்பி ஆரோக்கியமான ஆள், ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த மடையன் பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லை. நீலக் கரைசலில் எட்டுச் சொட்டு விட்டுச் சூடாக்கினேன், செங்கல் நிறத்தில் திரண்டது. சர்க்கரை இல்லாதவனுடைய மூத்திரத்தில் மருந்துத் தண்ணீரின் சர்க்கரை. மோந்து பார்த்தேன், இருமல் மருந்து வாசம். கூப்பிட்டுக் கேட்டதும் அழுதுவிட்டான், அக்கா அக்கா என்றான். நான் நடந்ததை அப்படியே எழுதிப் பெரிய டாக்டருக்கு அனுப்பினேன். அன்றைக்கு லேபில் இதைச் சொல்லிச் சொல்லி எல்லாரும் சிரித்தோம், நான்தான் அதிகம் சிரித்தேன், வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் சாலமோனிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, "வெறுமன திருப்பி அனுப்பியிருக்கலாம்லா, எழுதணுமாக்கும்?" என்றார். நாலு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை நான். பல வருஷம் கழித்து ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினேன், இறங்கும்போது டிரைவர் திரும்பி, "நீங்க ஆஸ்பத்திரி அக்கால்லா, வச்சுக்கிடுங்க" என்று காசு வாங்காமல் போனான். அவன்தானா என்று எனக்குத் தெரியாது. நான் நன்றாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், பார்க்கவில்லை. அந்தப் பன்னீர் பாட்டிலை நான் முந்தாநாள் வீட்டில் எப்படித் தயார் செய்தேன் தெரியுமா. லேபிளைச் சுரண்டி, சோப்பு போட்டுக் கழுவி, மூன்று தடவை கொதிக்கிற தண்ணீரில் போட்டு, துணியில் கவிழ்த்துக் காயவைத்தேன். மாடசாமியிடம் பாடம் படித்திருக்கிறேன். அவனை மாட்டிவிட்ட கைதான் இது, அதே திறமைதான், அதை இப்போது எதற்குப் பயன்படுத்துகிறேன் என்று நினைத்தால் எனக்கே என் கையை என் மடியில் வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை.

இருபத்திரண்டு. பெனிட்டா தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறாள், "குடி, வரலன்னா கஷ்டம்" என்கிறாள், குடிக்கிறேன். வருவதில் ஒன்றும் கஷ்டம் இல்லை, அடிவயிறு ஏற்கெனவே முட்டிக்கொண்டிருக்கிறது. வருவதுதான் கஷ்டம். வந்தால் நுரைக்கும், கிட்னி கெட்டால் புரதம் இறங்கி அப்படித்தான் நுரைக்கும். எங்கள் பக்கம் கிரியாட்டினின் என்று யாரும் சொல்வதில்லை, உப்பு என்பார்கள், உப்பு ஏறிப்போச்சு என்பார்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் கிட்னி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பெனிட்டாவிடம் நான் சொன்ன ஒன்று புள்ளி ஒன்பது இரண்டு வருஷத்துக்கு முந்தினது. கிறிஸ்மஸுக்கு முன்னால் எடுத்தபோது மூன்று புள்ளி நான்கு. திருநெல்வேலியில் எந்த லேபில் எடுத்தாலும் என்னிடம் வேலை பழகின பிள்ளைகள் யாராவது இருப்பார்கள் என்று மதுரைக்குப் பஸ் ஏறிப்போய் எடுத்தேன். மூன்று புள்ளி நான்கு என்று தாளில் பார்த்ததும் முதலில் என்ன நினைத்தேன், மெஷின் சரியில்லை என்று நினைத்தேன். மெஷின் சரியில்லை என்று சொல்கிற நோயாளிகளை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன். அடுத்த தெருவில் இன்னொரு லேபில் எடுத்தேன், அங்கே மூன்று புள்ளி ஐந்து. எது குறைவோ அதையே வைத்துக்கொண்டேன், கத்திரிக்காய் வாங்குகிற மாதிரி. கிட்னி டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையாகத்தான் சொன்னார். "ஒரு வருஷம், நல்லா பாத்துக்கிட்டா ரெண்டு வருஷம் தள்ளலாம்மா. அப்புறம் டயாலிசிஸ்தான். வாரத்துக்கு மூணு நாள் கூட்டிட்டு வரணும். வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்டார். மகள் இருக்கிறாள் என்றேன். எங்கே இருக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தத் தாளை பீரோவில் சேலைக்கு அடியில் விரித்த செய்தித்தாளுக்கும் அடியில் வைத்திருக்கிறேன். ஒரு வருஷம், ரெண்டு வருஷம். விசா ஐந்து வருஷம். இதைக் கழித்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். அங்கே எனக்கு ஆகிற ஆஸ்பத்திரிச் செலவு எதுவானாலும் தானே பொறுப்பு என்று பெனிட்டா கையெழுத்துப் போட்டிருக்கிறாள், ஒன்று புள்ளி ஒன்பதுக்குத்தான் அந்தக் கையெழுத்து. இன்றைக்கு இவர்கள் யூரினில் புரதம் பார்த்தால் ரத்தம் எடுப்பார்கள், ரத்தம் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும், அரசாங்கத்துக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். அரசாங்கத்தை ஏமாற்ற எனக்குக் கை கொடுக்கிறோம் என்று இவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஏமாறுகிறவர்களின் வரிசையில் இவள்தான் முதல் ஆள்.

சொல்லியிருக்கலாம். எத்தனை தடவை சொல்ல வாயெடுத்தேன். நேற்று ரயிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வந்தோமே, செங்கல்பட்டு வரை சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று வந்தேன், பிறகு முறுக்கு வாங்கினோம். சொல்லாததற்கு நல்ல காரணம் ஏதாவது இருந்தால் இவ்வளவு அசிங்கமாக இருக்காது. மகள் பயந்துவிடுவாள் என்று சொல்லலாம், அவள் குடும்பத்தில் குழப்பம் வரும் என்று சொல்லலாம், எல்லாம் பூசி மெழுகுவது. எனக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஆலயத்தில் பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, "மகளுக்கு ஒத்தாசையா போறேன், பேத்திய பாக்க ஆளில்ல, விசாவுக்காக ஜெபம் பண்ணிக்கிடுங்க" என்று சொன்னேன். சபை ஐயர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வழியிலுள்ள சகல தடைகளையும் நீக்கும் ஆண்டவரே என்று உரத்துச் சொன்னபோது, அந்தப் புரதத்தை மட்டும் நீக்கும் ஆண்டவரே என்று நான் உள்ளுக்குள் சேர்த்துக்கொண்டேன். பேத்தியைப் பார்க்க ஆளில்லாமல் ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேயே ஆறு மணி வரை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். சாலமோன் கண்ணை மூடின பிறகு எனக்குத்தான் ஆளில்லை. ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டு எங்கள் லேபுக்கு எதிரில் இருந்தது. கைகளை நீட்டிப் போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் மோட்டுவளையைப் பார்த்துக் கிடப்பார்கள். துணைக்கு ஆள் வந்தவர்களுக்கு வாசலில் ஒரு முகம் தெரியும், வராதவர்கள் முடிந்ததும் தாங்களே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போவார்கள். ஒரு அம்மாள், பெயர் தெரியாது, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். நான் அவரைத் தாண்டித்தான் பஸ் ஏறினேன். அந்தக் கட்டிலில் என்னைப் படுக்கவைத்து, என்னிடம் பழகின பிள்ளைகள் எட்டிப் பார்த்து, லேப் அம்மாவா, தனியாவா வந்திருக்காங்க என்று பேசிக்கொள்வதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மெல்போர்னுக்கு மூன்று மாசம் போயிருந்தேன். குளிரில் சாக்ஸ் போடத் தெரியாமல் தடுமாறினால் பெனிட்டா தரையில் உட்கார்ந்து என் காலைத் தூக்கி மடியில் வைத்துப் போட்டுவிடுவாள். மூன்று மாசமும் தினம் தினம் தடுமாறினேன். இரண்டாவது வாரமே எனக்குப் போடத் தெரிந்துவிட்டது. இதை யாரிடமாவது சொல்ல முடியுமா. என்னை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் பச்சைப் பிள்ளை மாதிரி ஆசையாக இருக்கிறது என்று அறுபத்தைந்து வயதில் எந்த வாயால் சொல்வது. கேட்டால் தந்துவிடுவாளோ என்னவோ. கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. அதனால் கேட்கவில்லை, எடுத்துக்கொள்ளப் பார்க்கிறேன். எடுத்துக்கொள்வதற்கு வேறு பெயர் இருக்கிறது.

"ஞானப்பூ சாலமோன்" என்று கூப்பிடுகிறார்கள். இருபத்தேழு எப்போது வந்தது. எழுந்திருக்கும்போது பெனிட்டா என் முழங்கையைப் பிடிக்கிறாள், அவள் கை சில்லென்று இருக்கிறது, "பாத்தும்மா" என்கிறாள். நீலச் சட்டை போட்ட ஒரு பெண் என் பெயர் ஒட்டின டப்பாவைத் தந்து, "பாதி வரைக்கும் போதும்மா. உள்ள சுவத்துல சின்ன ஜன்னல் இருக்கும், அதுல வெச்சிட்டு வந்துடுங்க" என்றாள். "பை?" என்று நானே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் சிரித்து, "உங்ககூடவே இருக்கட்டும்மா, பாஸ்போர்ட் இருக்கும்ல" என்றாள். வயசான அம்மாள் என்று நம்புகிறாள். நான் இந்த இடத்தில் இருந்தபோது யாரையும் நம்பியதில்லை. தாழ்ப்பாளைப் போட்டேன். பளிச்சென்று விளக்கு, பளிச்சென்று கண்ணாடி, கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டேன். ஆண்டவரே என்று ஆரம்பித்து நிறுத்தினேன், இங்கே அவரைக் கூப்பிடுவது மரியாதை இல்லை. பன்னீர் பாட்டிலைத் திறந்து டப்பாவில் ஊற்றினேன். ஒரு சொட்டு வெளியே சிந்தாமல், சரியாகப் பாதிக் கோட்டில் நிறுத்தி, மூடியைத் திருகி, வெளிப்பக்கத்தைத் துடைத்து, பெயர் முன்னால் தெரியும்படி ஜன்னலில் வைத்தேன். தெளிவான இளமஞ்சள். நல்ல கிட்னி. என் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷம் மட்டும் உண்மை. முடிந்துவிட்டது, இனி போகலாம். போகாமல், மிச்சத்தைக் கொட்டிவிட்டுக் காலிப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். டாக்சியில் வரும்போது பெனிட்டா கேட்டது நினைவுக்கு வந்தது. "ஒருவேள உன்னோடதே நல்லா இருந்துட்டா என்னம்மா? இது தேவயே இல்லல்லா?" இரண்டு தடவை கேட்டாள். அவள் வீட்டுக்காரருக்கு இந்த விஷயம் தெரியாது. ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கின பிள்ளை, ஒரு பொய் சொன்னால் காய்ச்சல் வந்துவிடும் அவளுக்கு. என்னுடையதையே கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் என்ன. அவள் செய்த பாவம் செய்யாததாகிவிடும், எல்லாம் என்னோடு போகும். தவிர, பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால் அம்மாவின் கிட்னி நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிடுவாள், அப்புறம் உப்பு எவ்வளவு என்று ஜென்மத்துக்கும் கேட்கமாட்டாள். முதலாவதற்காக நினைத்தேனா, இரண்டாவதற்காக நினைத்தேனா, எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. அப்படிச் சொல்வதென்றால் பாட்டில் நிறைந்திருக்க வேண்டும். நிறைத்தேன். முட்டிக்கொண்டிருந்தது, நிறைந்து வழிந்தது. கழுத்துவரை நுரை ஏறிக்கொண்டு நின்றது, அடங்கட்டும் என்று பார்த்தேன், அது அடங்கவா போகிறது, காகிதத்தைக் கிழித்து நுரையை ஒற்றி எடுத்தேன். மூடினேன், துடைத்தேன், கழுவினேன், கைக்குட்டையில் சுற்றினேன். எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

நாற்காலியில் உட்காரும்வரை பெனிட்டா என்னைப் பார்க்கவில்லை. பிறகு குனிந்து, செருப்பைச் சரிசெய்கிறவள் மாதிரி, "ஊத்திட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல. என்னோடதையே குடுத்துட்டேன்."

நிமிர்ந்தாள். அந்த முகத்தில் முதலில் வந்தது பயம், அதன் பின்னாலேயே ஒரு நிம்மதி வந்தது, சின்னப் பிள்ளையில் பரீட்சை தள்ளிப்போனால் இப்படித்தான் முகம் மலரும் அவளுக்கு. "ஏம்மா" என்றாள். "என்னமோ மனசு கேக்கல. நுரையே இல்ல இன்னைக்கு, தண்ணி மாதிரி இருந்துச்சு" என்றேன். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் யோசிக்கக்கூட இல்லை, தானாக வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லதும்மா. நானும் நெனச்சேன், சொல்ல வாய் வரல. வாரது வரட்டும், இல்லம்மா?" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். மாட்டிக்கொள்ளாதவர்களுக்கு எப்படி இருக்கும் என்று முப்பத்தொரு வருஷத்தில் ஒருநாளும் நான் யோசித்ததில்லை. இப்படித்தான் இருக்கும் போல, இனிப்பைச் சாப்பிட்டு வாய் கொப்பளிக்காத மாதிரி, ஒரு பிசுபிசுப்பு. "அந்தப் பாட்டில எதுக்குச் சொமந்துக்கிட்டிருக்க, குடு, நான் போயி கொட்டிட்டு வாரேன்" என்று அவள் என் பைக்குள் கையை விட்டாள். நான் தடுக்கவில்லை. நிறைந்த பாட்டில்தானே, பார்க்கட்டும் என்று இருந்தேன். கைக்குட்டையோடு எடுத்தாள். எடுத்த கை பாதியில் நின்றது.

மற்றொரு கையையும் கொண்டுவந்து பாட்டிலைச் சுற்றிப் பிடித்தாள்.

"சூடா இருக்கும்மா" என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை, அதுதான் கேவலம். எங்கள் லேபில் பாட்டில்கள் ஒரு மணி நேரம் தட்டில் வரிசையாகக் கிடக்கும், அதற்குப் பிறகுதான் நான் கையுறை மாட்டுவேன். இத்தனை வருஷத்தில் என் கைக்கு வந்ததெல்லாம் ஆறிப்போனவை. பிறகு புரிந்தது. ஏதாவது சொல்லியிருக்கலாம், வெயில் என்று சொல்லியிருக்கலாம், இந்தக் குளிரூட்டின ஹாலில் வெயிலைப் பற்றிச் சொல்லக்கூடத் துணிந்திருப்பேன். அதற்குள் அவள் கைக்குட்டையை விலக்கிப் பார்த்தாள். குலுங்கின குலுக்கலில் நுரை மறுபடியும் கழுத்துக்கு ஏறியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க குடுத்தது என்னோடது."

தலையை ஆட்டினேன்.

"அப்ப என்கிட்ட எதுக்கு இப்படிச் சொன்ன?" அவள் எப்போதுமே புத்திசாலி, கணக்கில் நூறு வாங்குவாள். "எவ்வளவும்மா? ஒண்ணு புள்ளி ஒம்பது இல்லல்லா?"

"மூணு புள்ளி நாலு."

"எப்பருந்து?"

"கிறிஸ்மஸுக்கு முன்னாடி."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

சொன்னேன். ஒரு வருஷம், ரெண்டு வருஷம், வாரத்துக்கு மூன்று நாள், எல்லாவற்றையும் டாக்டர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். அவள் அந்தப் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை, இரண்டு கைக்கும் நடுவில் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். அதை என் கையில் திருப்பித் தந்துவிட்டால் தேவலை என்று இருந்தது, என் அழுக்கைப் போய் அவள் இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறாளே என்று உடம்பெல்லாம் கூசியது. இன்னும் நேரம் இருக்கிறது, அவள் ஒரு வார்த்தை சொன்னால் நான் எழுந்துபோய் அந்த ஜன்னலில் இருப்பது என்னுடையது இல்லை என்று சொல்லிவிடுவேன், அதற்கும் தயாராகத்தான் இருந்தேன். அவள் அதைச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும் கேட்கிறவள் மாதிரி கேட்டாள்.

"இது தெரிஞ்சா நான் ஒன்னயக் கூட்டிட்டுப் போமாட்டேன்னு நெனச்சியா?"

இதற்கு மட்டும் பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குச் சொன்ன எல்லாப் பொய்யையும்விட இது சின்னப் பொய், அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

"ஆமா" என்றேன்.

சொல்லிவிட்டு அவள் மறுக்கட்டும் என்று காத்திருந்தேன். என்ன பேச்சும்மா இது, நான் அப்படி விட்டுருவேனா என்று சொல்வாள், அழுவாள், திட்டுவாள், ஏதாவது ஒன்று. உள்ளேயிருந்து யாரோ எக்ஸ்ரேவுக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்காமல் பெனிட்டாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.